நாட் நௌ போ

அட்டெண்டன்ஸ் எய்ட் என்று அந்த வேலைக்குப் பெயர். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக இருந்த காலத்தில், வாசல் அறையில் உட்கார்ந்து, தாமதமாக வருகிற பிள்ளைகளுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். ஜலஜா அதை ஐந்து மாதம் பார்த்தாள். அமெரிக்கா வந்து இருபத்திரண்டு வருடத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் வேலை. பிறகு கொரோனா வந்தது. பள்ளிக்கூடம் லேப்டாப்புக்குள் போய்விட்டது. வேலை அவளுடைய பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மெண்டில் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது.

காலை ஒன்பதே காலுக்கு ஒரு பட்டியல் வரும். முதல் பீரியடுக்கு வராதவர்கள், வந்தும் கேமராவை அணைத்துவிட்டுப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் தராதவர்கள். அவர்களுக்கு ஃபோன் போட்டு ஐந்து கேள்வி கேட்க வேண்டும். தூங்கினாயா. சாப்பிட்டாயா. இன்டர்நெட் சரியாக இருக்கிறதா. வீட்டில் பெரியவர் யாராவது இருக்கிறார்களா. கடைசியாக, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் இன்றைக்கு மனசு எந்த எண்ணில் இருக்கிறது. பதிலைக் கட்டங்களில் நிரப்ப வேண்டும். 'மாணவர் நலம்' என்று அந்தத் தாளுக்குத் தலைப்பு.

"அஞ்சு கேள்வியில மனசை அளந்துடறீங்களா? எங்க கம்பெனியில ஒரு மாத்திரைக்கே நாலு வருஷம் ஆகுது" என்றார் அவள் கணவர் சந்தானம். அவர் படுக்கையறையில் உட்கார்ந்து ஒரு மருந்துக் கம்பெனிக்குக் கணினி வேலை பார்த்தார். சர்க்கரை வியாதிக்காரர். மார்ச் மாதத்திலிருந்து வீட்டு வாசலைத் தாண்டியது இரண்டே முறை.

பெரும்பாலான பிள்ளைகள் மூன்று என்று சொன்னார்கள். ஒன்று, இரண்டு என்றால் மனநல ஆலோசனை சொல்கிற கவுன்சிலர் கூப்பிடுவார். ஐந்து என்றால் நம்ப மாட்டார்கள். மூன்று என்று சொன்னால் யாரும் மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டார்கள். இது பிள்ளைகளுக்கு இரண்டாவது வாரத்திலேயே தெரிந்துவிட்டது. ஜலஜாவும் மூன்று, மூன்று, மூன்று என்று போட்டுக்கொண்டு போவாள்.

அவளுடைய மகள் மானஸா பன்னிரண்டாவது படித்தாள். அவள் அறைக்கதவு மூடியே இருந்தது. பதினொரு மணிக்குத் தோசையோடு கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து, "போ மா, கிளாஸ்" என்று வரும். தட்டைக் கதவுக்கு வெளியே தரையில் வைத்துவிட்டு வருவாள். ஒரு மணிக்குப் போய்ப் பார்த்தால் சில நாள் காலியாக இருக்கும், சில நாள் அப்படியே இருக்கும். மானஸாவுக்கு எந்த எண் என்று ஜலஜா கேட்டதில்லை. அவள் படித்தது வேறு ஸ்கூல், வேறு பட்டியல்.

அக்டோபர் மாதம் பட்டியலில் ஒரு புதுப் பெயர் வந்தது. ஜெஸலின் திமாகுலாங்கன், எட்டாம் வகுப்பு, பதின்மூன்று வயது. முகவரியைப் பார்த்தால் இவர்கள் இருந்த அதே அபார்ட்மெண்ட் காம்ப்ளெக்ஸ், ஒன்பதாம் பில்டிங். ஜலஜாவினுடையது நான்காம் பில்டிங். நடுவில் பார்க்கிங், ஒரு குப்பைத் தொட்டிக் கொட்டகை. பிலிப்பைன்ஸிலிருந்து வந்து ஒரு வருடம்தான் ஆகிறது, அம்மா முதியோர் இல்லத்தில் நர்ஸ், அப்பா ஊரில் என்று குறிப்பில் இருந்தது.

"திமாகுலாங்கன்" என்று வாய்விட்டுப் படித்தாள் ஜலஜா.

"நம்ம ஊர்ப் பேரு மாதிரி நல்லா நீளமா இருக்கே" என்றார் சந்தானம், காபி எடுக்க வந்தவர்.

முதல் நாள் ஃபோனில் அந்தப் பெண்ணின் குரல் தூக்கத்திலிருந்து எழுந்த மாதிரி இருந்தது. ஜலஜா தன்னைச் சொல்லிக்கொண்டு குட் மார்னிங் என்றாள். பதிலுக்கு அந்தப் பெண் "குட் மார்னிங், போ" என்றாள்.

சரியாகக் காதில் விழவில்லை என்று ஜலஜா நினைத்தாள். தூங்கினாயா என்று கேட்டாள். யெஸ் போ. சாப்பிட்டாயா. யெஸ் போ. இன்டர்நெட். ஓகே போ. அம்மா இருக்கிறார்களா. யெஸ் போ. எந்த எண். த்ரீ போ. தேங்க் யூ போ.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

இந்த இடத்தில் க்ரிஷ் என்ற பையனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பள்ளிக்கூடம் மூடுவதற்கு முன்னால், ஜனவரியில், தமிழ்ப் பையன் ஒருவன் தன் வகுப்பு முழுவதற்கும் 'போடா' என்று சொல்லக் கற்றுக்கொடுத்துவிட்டான். புதிதாக வந்திருந்த ஆசிரியர் ஒருவரைப் பார்த்து இருபத்து நான்கு பிள்ளைகள் ஒரே குரலில் போடா என்றார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள், எல்லோரும். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்க ஆபீஸில் ஜலஜாவைத்தான் கூப்பிட்டார்கள். 'கெட் லாஸ்ட்' என்று அவள்தான் மொழிபெயர்த்தாள். ஜெஸலின் அதே வகுப்பு.

ஆகவே ஜலஜாவுக்குச் சந்தேகமே வரவில்லை. க்ரிஷ் சொல்லிக்கொடுத்த வார்த்தைதான், 'டா' மட்டும் உதிர்ந்து போயிருக்கிறது. அதுவும் இந்த அம்மாள் தமிழ் என்று தெரிந்துகொண்டு, வேண்டுமென்றே ஒவ்வொரு பதிலுக்கும் வாலாகக் கட்டித் தொங்கவிடுகிறாள். கண்டுகொள்ளாத மாதிரி மூன்று வாரம் போனாள். வீட்டில் பெற்ற பெண் கதவுக்குள்ளிருந்து போ என்கிறாள், ஃபோனில் யார் பெற்ற பெண்ணோ போ என்கிறாள். காலை ஒன்பதரைக்கு ஒரு போ, பதினொரு மணிக்கு ஒரு போ. சந்தானத்திடம் சொன்னதற்கு, "சின்னப் பசங்க, விடு" என்றார்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்குப் பட்டியலில் பத்தொன்பது பேர். ஜெஸலின் ஐந்தாவது. முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். தூங்கினாயா என்றதற்குப் பதில் வரவில்லை. சாப்பிட்டாயா என்றதற்கும் வரவில்லை. மூன்றாவதைத் தாண்டி, "வீட்டில் பெரியவர் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டாள் ஜலஜா.

நிறைய நேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அந்தப் பெண் சொன்னாள்.

"நாட் நௌ போ."

"வாட்?"

"நாட் நௌ போ, மேம்."

இப்போ இல்லை, போ. ஜலஜாவின் காதில் அப்படித்தான் விழுந்தது. மேம் என்று சேர்த்துக்கொண்டது அதைவிடக் கேலியாக இருந்தது. சரி, போகிறேன் என்று தமிழிலேயே சொல்லிவிட்டு ஃபோனை வைத்தாள். கட்டங்களை நிரப்பவில்லை. கீழே குறிப்பு எழுதுகிற இடத்தில் இங்கிலீஷில் எழுதினாள். பதில் சொல்ல மறுக்கிறாள். இந்திய மொழி ஒன்றின் தகாத சொல்லைத் தொடர்ந்து பயன்படுத்துகிறாள். ஊழியரைப் போகச் சொன்னாள்.

மேலதிகாரி மிஸஸ் ஹான்லன் பத்து நிமிடத்தில் கூப்பிட்டார். அந்த ஜனவரி மாதத்து வார்த்தையேதானா என்று கேட்டார்.

"அதே வார்த்தைதான்" என்றாள் ஜலஜா. "அதில் பாதி."

அப்படி எழுதப்பட்ட பிள்ளைகள் வேறு ஒரு பட்டியலுக்கு மாறிவிடுவார்கள். அவர்களுக்குத் தினசரி ஃபோன் கிடையாது. வீட்டுக்கு ஒரு கடிதம் போகும். பிறகு அதற்கென்று இருக்கிற அதிகாரி ஒருவர் நேரம் கிடைக்கும்போது பார்ப்பார். அவர் கையில் அப்போது நூற்றுச் சொச்சம் பெயர்கள் இருந்தன. புதன்கிழமை ஜலஜாவின் பட்டியலில் திமாகுலாங்கன் இல்லை. கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. பத்தொன்பதுக்குப் பதில் பதினெட்டு.

தேங்க்ஸ்கிவிங் போயிற்று. டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கலிஃபோர்னியா பிளசன்டனில் இருக்கிற தோழி காமாக்ஷியோடு ஜூமில் பேசிக்கொண்டிருந்தாள். பேச விஷயமே இல்லாத காலம். யார் வீட்டில் யாருக்கு வந்தது, எந்தக் கடையில் டாய்லெட் பேப்பர் இருக்கிறது என்பதை எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. அதனால் ஜலஜா இந்தக் கதையைச் சொன்னாள். குரலையும் மாற்றிச் சொன்னாள். குட் மார்னிங், போ. த்ரீ, போ. தேங்க் யூ, போ. காமாக்ஷி சிரித்தாள். "தேங்க்ஸையும் சொல்லிட்டு வெளியேயும் தள்ளுறாளா? கெட்டிக்காரி" என்றாள்.

மானஸா சமையலறையில் நின்று டப்பாவிலிருந்து சீரியலை அப்படியே அள்ளித் தின்றுகொண்டிருந்தாள். ஒரு காதிலிருந்து இயர்பட்டைக் கழற்றினாள்.

"மா, அந்தப் பொண்ணு ஃபிலிப்பினோவா?"

"ஆமா. ஏன்?"

"தட்ஸ் நாட் தமிழ். எல்லாத்துக்கும் அப்படித்தான் சொல்வாங்க. என் கெமிஸ்ட்ரி பார்ட்னர் அவ அம்மாகிட்ட அப்படித்தான் பேசுவா. இட்ஸ் ரெஸ்பெக்ட்."

"எது ரெஸ்பெக்ட்?"

"போ. இட்ஸ் லைக் யுவர் ங்க."

"எந்த ங்க?"

"வாங்க, சொல்லுங்க, ஆமாங்க. அந்த ங்க." மானஸா இயர்பட்டைத் திரும்பக் காதில் வைத்துக்கொண்டாள். டப்பாவை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

காமாக்ஷி திரையில், "ஜலஜா, நீ ம்யூட்ல இருக்கியா? வாய் அசையுது, ஒண்ணும் கேக்கலை" என்றாள்.

ஜலஜா ம்யூட்டில் இல்லை. சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். குட் மார்னிங்குங்க. தூங்கினேனுங்க. மூணுங்க. ரொம்ப நன்றிங்க. மூன்று வாரம், ஒரு நாள் விடாமல். கடைசியாக அந்தச் செவ்வாய்க்கிழமை வார்த்தை. இப்ப இல்லைங்க.

எது இப்போது இல்லை?

அவள் கேட்ட கேள்வி ஞாபகம் வர நேரமானது. வீட்டில் பெரியவர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள். இப்போது இல்லைங்க என்று அந்தப் பெண் சொன்னாள். காது சரியாகக் கேட்கவில்லையோ என்று, மேமும் சேர்த்து, இரண்டாம் தடவை சொன்னாள்.

காமாக்ஷியிடம் அப்புறம் பேசுகிறேன் என்று மூடினாள். தேதியை எண்ணினாள். இருபத்தாறு நாள். ஃபோன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. திரும்பப் போட்டாள். எடுக்கவில்லை.

சந்தானத்திடம் போய்ச் சொன்னாள். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, நாளைக்குத் திங்கள்கிழமைதானே, ஆபீஸில் சொன்னால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார். அந்த வீட்டில் யாருக்கு என்ன இருக்கிறதோ தெரியாது, நர்ஸ் வீடு, தன் சர்க்கரையையும் நினைத்துப் பார்க்கச் சொன்னார். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. ஜலஜா ஒரு மாஸ்க்கின் மேல் இன்னொரு மாஸ்க்கைப் போட்டுக்கொண்டாள்.

"போகாதேன்னா கேக்க மாட்டே" என்றார் அவர்.

"கதவுக்கு வெளியவே நின்னு பேசிட்டு வந்துடறேங்க."

ஒன்பதாம் பில்டிங்கில் மாடிப்படி ஏறி, மணியை அடித்துவிட்டு ஆறு அடி பின்னால் தள்ளி நின்றாள். உள்ளே ஏதோ நகர்ந்தது. கதவு திறக்கவில்லை. ஸ்கூலிலிருந்து தினமும் பேசுவேனே, அந்த ஆன்ட்டி என்று இங்கிலீஷில் கொஞ்சம் உரக்கச் சொன்னாள். சங்கிலி போட்டபடியே கதவு நாலு விரல் அளவுக்குத் திறந்தது.

இத்தனை நாள் குரலாக மட்டும் இருந்த பெண். முகத்தில் தலையணையின் மடிப்பு பதிந்திருந்தது. மத்தியானம் ஒன்றரை மணிக்கு உள்ளே ஜன்னல் மறைப்புகள் எல்லாம் இறக்கியிருந்தன. பெரிய ஆள் போடுகிற ஸ்வெட்டர், அம்மாவுடையதாக இருக்க வேண்டும்.

அம்மா எங்கே என்று ஜலஜா கேட்டாள். ஆஸ்பத்திரியில் என்றாள் அந்தப் பெண். எப்போதிலிருந்து. அந்தத் திங்கட்கிழமையிலிருந்து. அதாவது ஜலஜா கடைசியாகக் கூப்பிட்ட செவ்வாய்க்கு முதல் நாள்.

கேட்கக் கேட்கச் சொன்னாள். கேட்காததைச் சொல்லவில்லை. அம்மா பெயர் மரிவிக். முதியோர் இல்லத்தில் ஒவ்வொருவராக விழுந்தார்கள், கடைசியில் அம்மாவும். முதலில் வென்டிலேட்டர், போன வாரத்திலிருந்து வெறும் ஆக்ஸிஜன். அங்கே ஒரு நர்ஸ் தினம் ஒருமுறை அம்மாவின் காதில் ஃபோனை வைப்பார். அம்மாவோடு வேலை பார்த்தவர்கள் முதல் வாரம் வாசலில் அரிசியும் முட்டையும் வைத்துவிட்டுப் போனார்கள். பிறகு அவர்களில் இருவருக்கும் வந்துவிட்டது. அப்பா ஊரில், பதாங்காஸில் இருக்கிறார், அவரால் இப்போது வர முடியாது. யாரிடமும் சொல்லாதே, பதின்மூன்று வயதுப் பிள்ளை தனியாக இருக்கிறது என்று தெரிந்தால் அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஆம்புலன்ஸில் ஏறும்போது அம்மா சொன்னாள். ஜெஸலின் யாரிடமும் சொல்லவில்லை. ஒருவரிடம் மட்டும், ஒரே ஒரு தடவை சொன்னாள்.

பகலில் தூங்குகிறாள். இங்கே ராத்திரி என்றால் ஊரில் பகல், அத்தை பெண்கள் விழித்திருப்பார்கள். அங்கே லேப்டாப் வகுப்பு எல்லோருக்கும் கிடையாது. வாரம் ஒருமுறை பள்ளிக்கூடத்திலிருந்து தாள் கட்டு வரும், அதற்கு மாட்யூல் என்று பெயர். அவர்கள் படம் பிடித்து அனுப்புவார்கள், இவள் இங்கிலீஷ் தாளுக்கு விடை எழுதி அனுப்புவாள். ஐந்தாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு. தன்னுடைய வகுப்பில் இருபத்தாறு நாளாக ஆளைக் காணோம். அவர்களுடைய வகுப்புகளில் ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

இதை எல்லாம் சொன்னபோது அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அழுதிருந்தால் ஜலஜாவுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

பிறகு ஒரு நிமிடம் என்று உள்ளே போனாள். ஒரு கடிதத்தோடு திரும்பி வந்து கதவு இடுக்கு வழியாக நீட்டினாள். பள்ளிக்கூடத்துக் கடிதம். பெற்றோர் பெயருக்கு வந்ததை அவளே பிரித்துப் படித்திருக்கிறாள். தகாத சொல் என்கிற இடத்தில் பென்சிலால் அடிக்கோடு போட்டிருந்தது.

"நான் எந்த வார்த்தை சொன்னேன், மேம்? தேடிப் பார்த்தேன். எனக்குத் தெரியலை."

இங்கிலீஷில்தான் கேட்டாள். இந்த முறை போ இல்லை. வந்ததிலிருந்தே இல்லை என்பது ஜலஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. எந்த வார்த்தை என்று தெரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று இங்கிலீஷைத் தவிர எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கிறாள்.

"நீ தப்பா எதுவும் சொல்லலை" என்றாள் ஜலஜா. "என் பாஷையில போன்னா கெட் அவுட். நான் அப்படி எடுத்துக்கிட்டேன்."

அந்தப் பெண் அதை யோசித்தாள்.

"உங்களை நான் போகச் சொன்னேன்னு நினைச்சீங்களா?"

"ஆமா."

"நான் சொல்லலை. மறுநாள் நீங்க கூப்பிடுவீங்கன்னு ஃபோனைக் கையில வச்சிருந்தேன்."

அவள் குறை சொல்கிற மாதிரி சொல்லவில்லை. ஐந்தாவது கேள்விக்கு எண் சொல்கிற குரலிலேயே சொன்னாள். ஜலஜா சாரி என்றாள். இட்ஸ் ஓகே, மேம் என்றாள் அந்தப் பெண். 

பக்கத்தில் தெரிந்தவர் யாராவது உண்டா என்று ஜலஜா கேட்டாள். ஒரு மணி நேரத் தூரத்தில், பெர்கன்ஃபீல்டில் அம்மாவின் தோழி லூர்தெஸ் இருக்கிறார் என்றாள். டீட்டா லூர்தெஸ். டீட்டா என்றால் ஆன்ட்டி. அவர் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, தொந்தரவு செய்யாதே என்று அம்மா சொல்லியிருந்தாளாம். ஜலஜா அந்த எண்ணை வாங்கி, படிக்கட்டிலேயே நின்று கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னாள். "மரிவிக் ஊரில் இருக்கிறாள் என்று நினைத்தேன்" என்று எதிர்முனையில் ஒரு குரல் வந்தது. மெசேஜுக்குப் பதில் இல்லாததால் பிலிப்பைன்ஸ் போய்விட்டாள் என்று நினைத்திருக்கிறார்.

ஒன்றே கால் மணி நேரத்தில் கார் வந்தது. ஜெஸலின் ஒரு பையில் துணி, ஸ்கூல் லேப்டாப், அரிசிக் குக்கர் மூன்றையும் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். குக்கர் எங்கள் வீட்டிலும் இருக்கிறதே என்று டீட்டா சொன்னார். இது அம்மாவினுடையது என்று சொல்லி, அதை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்தாள். டீட்டா ஜலஜாவுக்கு நன்றி சொன்னார். மூன்று முறை சொன்னார், மூன்றிலும் போ இருந்தது. ஜெஸலின் தேங்க் யூ, மேம் என்றாள். கார் போனபின், ஜலஜா வீட்டுக்கு வந்து, துணியை எல்லாம் வாஷிங் மெஷினில் போட்டுக் குளித்தாள். பத்து நாள் அவள் ஹாலில் படுக்கட்டும் என்று சந்தானம் சொன்னார். படுத்துக்கொண்டாள்.

திங்கள்கிழமை மிஸஸ் ஹான்லனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பிள்ளை பெரியவர் ஒருவரிடம் பத்திரமாகச் சேர்ந்துவிட்டதே, அது போதும் என்றார் அவர். முறைப்படி யாருக்குச் சொல்ல வேண்டுமோ தானே சொல்லிவிடுவதாகவும் சொன்னார். அந்தக் குறிப்பை அழிக்க வேண்டும் என்றாள் ஜலஜா. அந்தக் கணினியில் ஒருமுறை எழுதியதை அழிக்க முடியாது, கீழே இன்னொரு வரி சேர்க்கலாம் என்றார் அவர். நான் தவறாகக் கேட்டுவிட்டேன் என்று சேர்க்கட்டுமா என்றாள். ஹான்லன் கொஞ்சம் தயங்கினார்.

அப்படி எழுதினால் இருபத்தாறு நாள் யார் கூப்பிடாமல் விட்டார்கள் என்ற கேள்வி வரும் என்றார். ஜலஜாவின் வேலை வருடா வருடம் ஏப்ரலில் புதுப்பிக்கிற வேலை என்பதையும் சொன்னார். மிரட்டலாகச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். பிரச்சினை தீர்ந்தது என்று மட்டும் எழுதுங்கள், போதும் என்றார்.

ஜலஜா எழுதினாள். பிரச்சினை தீர்ந்தது. பத்து நொடிகூட ஆகவில்லை. அன்றைக்குப் பட்டியலில் இருபத்தோரு பேர். முதல் பையன் மூன்று என்றான்.

மரிவிக் ஜனவரி கடைசியில், மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு, ஆஸ்பத்திரியிலிருந்து நேரே பெர்கன்ஃபீல்டு போனாள். ஜெஸலினை அங்கேயே ஸ்கூலில் சேர்த்துவிட்டார்கள். ஒன்பதாம் பில்டிங்கில் வேறு யாரோ குடிவந்தார்கள். இதை டீட்டா மெசேஜில் சொன்னார். ஜலஜா ஒரு கும்பிடும் கையை அனுப்பினாள். அதோடு முடிந்தது என்று நினைத்தாள். நினைத்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. அந்த மாதங்களில் எதையுமே முழுதாக நினைத்த மாதிரி இல்லை. காலை வரும், பட்டியல் வரும், தோசைத் தட்டு கதவுக்கு வெளியே போகும், வரும்.

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை காலை பத்தரைக்கு அவளுக்கே ஒரு ஃபோன் வந்தது. இத்தனை நாள் அவள் மற்றவர்களைக் கூப்பிட்டாள், வெளியிலிருந்து அவளை யாரும் கூப்பிட்டதில்லை. ஜெஸலினின் புது ஸ்கூல் கவுன்சிலர். இளைஞர் குரல், மரியாதையாகப் பேசினார். உங்கள் ஸ்கூலில் கேட்டேன், இந்த எண்ணைக் கொடுத்தார்கள் என்றார். ஒரு மாணவியின் கோப்பு அவர் முன்னால் இருக்கிறது. அந்தப் பெண் இரண்டு மாதமாக வகுப்பில் வாயைத் திறப்பதில்லை. கேமரா போடுகிறாள், வீட்டுப்பாடம் அனுப்புகிறாள், கேள்வி கேட்டால் சாட்டில் டைப் செய்கிறாள், பேச மட்டும் மாட்டேன் என்கிறாள். பிடிவாதமா, பயமா என்று தெரியவில்லை. பழைய கோப்பில் ஒரு குறிப்பு இருக்கிறது. படிக்கட்டுமா என்று கேட்டுவிட்டுப் படித்தார்.

பதில் சொல்ல மறுக்கிறாள். இந்திய மொழி ஒன்றின் தகாத சொல்லைத் தொடர்ந்து பயன்படுத்துகிறாள். ஊழியரைப் போகச் சொன்னாள். அதன் கீழே, பிரச்சினை தீர்ந்தது.

ஜலஜா எழுதிய வரிகள் வேறு ஒருவர் குரலில் நன்றாகவே இருந்தன. நம்பும்படி இருந்தன.

நடத்தை சரியில்லாத பிள்ளைகளுக்கு என்று ஒரு குழு இருக்கிறது, நாளைக்குள் முடிவு செய்ய வேண்டும், இந்தக் குறிப்பை வைத்து இவளை அதில் சேர்க்கலாமா என்று பார்க்கிறோம் என்றார் அவர். சேர்த்தால் ஹைஸ்கூல் வரை கோப்பில் இருக்கும். அதனால்தான் எழுதியவரிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று கூப்பிட்டாராம்.

சந்தானம் கையில் காபியோடு படுக்கையறை வாசலில் நின்றார். ஸ்பீக்கரில் எல்லாம் அவருக்கும் கேட்டது. தலையை மெதுவாக இடமும் வலமும் ஆட்டினார்.

"அவ பாஷையில அது மரியாதைச் சொல்" என்றாள் ஜலஜா இங்கிலீஷில். "பெரியவங்ககிட்ட பேசினா ஒவ்வொரு வரியிலும் வரும். எங்க பாஷையில அதே சத்தத்துக்குப் போன்னு அர்த்தம். அந்தக் கடிதம் போன பிறகுதான் அவ பேசறதை நிறுத்தினா."

 அப்படியானால் மொழிப் பிரச்சினை என்று எழுதிக்கொள்கிறேன், அது போதும் என்றார் கவுன்சிலர்.

"போதாது" என்றாள். "மொழிப் பிரச்சினைன்னு எழுதினா அவளுக்குன்னு ஆகிடும். யார் தப்பாக் கேட்டதுன்னு எழுதுங்க. வீட்டுல பெரியவங்க யாரும் இல்லைன்னு அவ ஒழுங்காப் பதில் சொன்னா. அதைத் தப்பா எழுதி, இருபத்தாறு நாள் கூப்பிடாம விட்டது யாருன்னும் எழுதுங்க."

"யார்?"

"நான்தான்."

சந்தானம் காபியோடு உள்ளே போய்விட்டார். கதவைச் சாத்தவில்லை.

உங்கள் முழுப் பெயர் வேண்டும், எழுத்துக் கூட்டிச் சொல்ல முடியுமா என்று கேட்டார் கவுன்சிலர்.

"ஜே" என்றாள் ஜலஜா. "ஏ. எல். ஏ."

அவர் ஒவ்வொன்றாகத் தட்டுவது கேட்டது. அவர் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"மறுபடியும் ஜே. மறுபடியும் ஏ."